மூணாவது ஓட்டைக்கு மூக்கால அழாதே, மருமவனே!

அம்பத்தூர்ல அடுக்குமாடியில வீடு வாங்கிட்ட. பாத்ரூமுக்கு உச்சி வரைக்கும் டைல்ஸ் ஒட்டி, ஆளு நின்னா மழை மாதிரி கொட்டற ஷவரும் மாட்டிட்ட. பேஷ்! இப்போ அதுக்குள்ள ஒரு பிளக் பாயிண்ட் வேணுமாம். ட்ரிம்மருக்கு, முடி காயவைக்க, அப்புறம் குளிச்சிக்கிட்டே செல்போனுக்கு சார்ஜ் ஏத்த. அதுவும் பேஷ்! ஆனா எலக்ட்ரீஷியன்கிட்ட, "எர்த் வயர் எதுக்குங்க? ரெண்டு வயர்லயே எல்லாம் ஓடுதே"ன்னு பேரம் பேசினியாமே. டைல்ஸ் கடைக்காரன்கிட்ட இந்தச் சாமர்த்தியம் எங்க போச்சு?

சரி, பாயிண்டை எங்க வைக்கப் போற? தொட்டி இல்லாத ஷவர் பாத்ரூம்னா, தண்ணி வர்ற இடத்துல இருந்து 1.2 மீட்டர் தூரத்துக்கு, 2.25 மீட்டர் உயரம் வரைக்கும் பிளக் பாயிண்டே கூடாதுன்னு சர்வதேச விதி சொல்லுது. உன் பாத்ரூம் நாலடிக்கு ஏழடி. 1.2 மீட்டர்னா நாலடி. டேப்பைப் பிடிச்சுப் பாரு, கதவோரம் மூணடிதான் மிஞ்சும். அங்கயும் உன் பையன் பக்கெட்டைக் கவுத்தா தண்ணி வரும். இங்கிலாந்துக்காரன் பாத்ரூம் லைட்டுக்கே சுவிட்சை உள்ள வைக்காம கயித்தைத் தொங்கவிட்டு இழுக்கறான். சவரம் பண்ற மெஷினுக்கு மட்டும் தனி டிரான்ஸ்பார்மர் வச்ச பாயிண்ட் கொடுக்கறான். அவன் பயந்தாங்கொள்ளி, நீ வீரன். இருந்தாலும் பாயிண்டைக் கதவுக்கு வெளிய, ஹால் சுவத்துல வை. முடியை அங்க நின்னு காயவச்சா கிரீடம் ஒண்ணும் இறங்கிடாது.

கீசர் சங்கதி வேற. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை லைட் லைன்ல இருந்து ஒட்டுப்போட்டு 6 ஆம்பியர் பாயிண்ட்ல சொருகினா, வெந்நீர் வர்றதுக்கு முன்னாடி பிளக் வெந்துடும். மெயின் பாக்ஸ்ல இருந்து தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் எம்சிபி. சுவிட்ச் வெளிய இருக்கட்டும்.

"அதான் எம்சிபி இருக்கே மாமா"ன்னு சொல்லுவ. இருக்கு, வயரைக் காப்பாத்த. 16 ஆம்பியருக்கு மேல போனாத்தான் அது முழிக்கும். ஈர உடம்புல 30 மில்லியாம்பியர் கொஞ்ச நேரம் ஓடினாலே மூச்சு அடைக்கும். அதுக்கு மேல போனா நெஞ்சு துடிப்பே தப்பிடும். உனக்கு ஆவறதைப் பத்தி எம்சிபிக்குக் கவலையே கிடையாது. அந்தக் கவலை ஆர்சிசிபிக்குத்தான். அது ஒரு கணக்குப்பிள்ளை: ஃபேஸ்ல போன கரண்ட் நியூட்ரல்ல அப்படியே திரும்பி வந்துச்சான்னு பார்க்கும், 30 மில்லியாம்பியர் துண்டு விழுந்தா பட்டுனு கடையைச் சாத்திடும். மழை நாள்ல அடிக்கடி விழுதேன்னு அதைக் கழட்டிட்டு நேரா கொடுக்கச் சொல்ற புத்திசாலிங்களை நான் பார்த்திருக்கேன். கசிவு எங்கேன்னு தேடறதை விட்டுட்டு, கசிவைச் சொன்னவனை வேலையை விட்டுத் தூக்கறாங்க.

இப்போ உன் மூணாவது வயர். பிளக்கைக் கையில எடுத்துப் பாரு. மேல இருக்கற எர்த் பின் மத்த ரெண்டையும் விடத் தடிப்பு, நீளமும் ஜாஸ்தி. சொருகறப்ப முதல்ல போகும், பிடுங்கறப்ப கடைசியா வரும். அவ்வளவு யோசிச்சுச் செஞ்சவன் பைத்தியக்காரன், ஓட்டைக்குப் பின்னாடி வயரே கொடுக்காத நீ அறிவாளியா? சிலர் குழாயில எர்த்தைச் சுத்துவாங்க. உன் வீட்டுல எல்லாம் பிளாஸ்டிக் குழாய், கரண்ட் பூமிக்கு எந்த வழியா போகும்? இன்னும் சில சூரர்கள் நியூட்ரலையே எர்த் பின்னுக்கு லூப் அடிப்பாங்க. என்னைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தா, கீசர் உடம்பு முழுக்க 230 வோல்ட்.

ஒண்ணு மறந்துட்டேன். அம்பத்தூர்ப் பக்கம் மாசாந்திர ஷட்டவுன்னு காலையில 9 மணிக்கு ஈபிக்காரங்க நிறுத்தினாங்கன்னா, "கரண்ட்தான் இல்லையே"ன்னு ஸ்க்ரூ டிரைவரோட கிளம்பிடாதே. உன் வீட்டு இன்வெர்ட்டர் லீவு போடறதில்லை. மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைச்சு, டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் தொடணும். அதையும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் தொடட்டும். நீ டார்ச் பிடி, போதும்.

வேலை முடிஞ்சதும் மாசத்துக்கு ஒரு தடவை ஆர்சிசிபியில இருக்கற டெஸ்ட் பட்டனை அழுத்து. இன்வெர்ட்டரை அணைச்சுட்டு, சீரியல் ஓடறப்பவே அழுத்து. வீடே இருண்டு உன் மாமியார் திட்டினா சந்தோஷப்படு, பெட்டி நல்லாயிருக்கு. அழுத்தியும் சீரியல் பாட்டுக்கு ஓடிச்சுன்னா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. அவன் வந்து சரிபண்ணிட்டுப் போற வரைக்கும் கீசர் பக்கமே போவாதே.