புடவை மூட்டையும் பாட்டும்

கேள்வி: வாழ்க்கையில் முன்னேற நினைப்பவனுக்குக் காதலும் குடும்பமும் தடைதானே?
– வாசகர், இறம்பொடை

பதில்: உங்கள் மலைநாட்டிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. அதுவும் ஜோடியாக!

தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் இலங்கைக்கு வந்த காலத்தில், தேயிலைத் தோட்டங்களுக்குள் வெளியாள் சுலபமாக நுழைய முடியாது. ஆனால் புடவை வியாபாரிக்கு வழி உண்டு. ஆகவே துணி மூட்டையுடன் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போனார். தொழிலாளர் படும் பாட்டை நேரில் பார்த்தார், பிறகு எழுதினார். 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் தொடங்கினார். 1936இல் அதே அட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

இது பாதிக் கதை. மீதிப் பாதி மீனாட்சியம்மாள், அவருடைய மனைவி.

கூட்டங்களில் ஐயர் பேசுவார், அம்மையார் பாடுவார். தாமே எழுதிய பாட்டுகள், சனங்களுக்குப் பழகிய மெட்டுகளில். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் நிறைந்த லயத்தில் பத்திரிகையைவிடப் பாட்டுக்குக் கால் அதிகம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் நிற்கும்போதும் கொழுந்து பறிக்கும்போதும் அது கூடவே வரும். வேலையை மேற்பார்க்கும் கங்காணியால் அதைப் பறிமுதல் செய்ய முடியாது.

கணவரின் நிழலில் ஒதுங்கியவர் என்று இவரை எண்ணிவிடாதீர்கள். ஐயரின் ‘தேசபக்தன்’ பத்திரிகையின் பொறுப்பையும் சுமந்தவர். மலையக வரலாற்றில் இவருக்கு இன்னும் நிறையப் பக்கங்கள் தரவேண்டும். இந்தியர்களின் இலங்கை வாழ்க்கையைப் பற்றிய இவரது பாட்டுப் புத்தகம் 1940இல் வெளிவந்தது, சொந்தப் பெயரிலேயே.