எந்தப் பக்கம் வெளியே?

போன செவ்வாய்க்கிழமை பிரேம் கடையிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்தேன். தேக்குச் சட்டம், ஓரத்தில் தங்கக் கோடு, பளபளவென்று கண்ணாடி. கண்ணாடிக்குள்ளே, காப்பீட்டு பிரீமியம் கட்டச்சொல்லி 1987-இல் யாருக்கோ வந்த அச்சடித்த நோட்டீஸ்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கைப்பட வரைந்து கையெழுத்துப் போட்ட குறிப்பு அதன் முதுகில் இருக்கிறது. இப்போது அதற்கும் முதுகாக ஒரு அட்டை, அட்டைக்கு முதுகாக ஒரு பலகை, சுற்றிலும் குட்டி ஆணிகள். கூலி 1,850 ரூபாய்.

கடைக்காரரிடம் போய் நின்றேன். "இந்தப் பக்கந்தான் அண்ணாச்சி நீட்டா இருந்துச்சு. அந்தப் பக்கம் எவனோ பேனாவ வச்சுக் கிறுக்கிப் போட்டிருக்கான். உங்க நல்லதுக்குத்தான் மறைச்சேன்" என்றார். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. அந்தக் கிறுக்கலுக்கு நான் கொடுத்த விலையை அவரிடம் எப்படிச் சொல்வது?

நீங்களும் யாரோ ஒரு பெரிய மனிதரின் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பவர்தான். அதனால் ஏன், எதற்கு என்றெல்லாம் விளக்கப்போவதில்லை. அசல் கடிதத்தையும் போலியையும் எப்படிப் பிரித்தறிவது என்பதை மட்டும் இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். நிறையப் பணம் கொடுத்துக் கற்ற வித்தை.

பேக்கரைத் தேர்ந்தெடுத்ததுதான் நான் செய்த தப்பு. பர்மிங்காமில் பிறந்து, 1945-இல் தொழுநோய் மருத்துவமனைகளுக்குக் கட்டடம் போட இந்தியாவுக்கு வந்து, கடைசியில் திருவனந்தபுரத்துக்காரராகவே ஆகிவிட்ட மனிதர். செங்கல்லை வீணாக்கமாட்டார், சிமென்ட்டை வீணாக்கமாட்டார், காகிதத்தையும் வீணாக்கமாட்டார். வந்த தபால் உறையைப் பிரித்து அதன் உட்புறத்தில் வரைவார். ஒருபக்கம் அச்சான தாள் கிடைத்தால் மறுபக்கம் அவருடையது. கெட்டித் தாளில் பெயர் பொறித்து எழுதும் ஆளின் கடிதங்களைச் சேர்ப்பவர்களுக்கு வாழ்க்கை சுலபம். எனக்கு வந்தது திருப்பிப் பார்க்கும் வியாதி.

முதலில் பழைய பேப்பர்க் கடையில் மட்டும்தான் திருப்பிப் பார்த்தேன். பிறகு வீட்டுப் பரணில் இருந்த கல்யாணப் பத்திரிகைகள். பிள்ளையார் படம் இருப்பதால் தூக்கிப்போட முடியாமல் முப்பது வருடமாகச் சேர்ந்தவை. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒன்றில் பால் கணக்கு. ஒன்றில் என் மாமியார் எழுதிய மளிகைச் சீட்டு. இன்னொன்றில் 'உடனே போன் பண்ணவும், மிக அவசரம்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள், யார் என்று எழுதவில்லை. நான் பண்ணவில்லை என்பது மட்டும் நிச்சயம். அதோடு நின்றதா? நேரில் வந்து பத்திரிகை வைப்பவர்கள் தட்டில் பழம் பாக்கு வெற்றிலையோடு நீட்டும்போது, மணமக்கள் பெயரைப் பார்க்குமுன் பின்பக்கத்தைப் பார்த்தேன். "என்ன சித்தப்பா, விலை தேடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனவன் இன்றுவரை பேசுவதில்லை. மருத்துவர் கொடுத்த ஸ்கேன் அறிக்கையைத் திருப்பினேன், "ரிசல்ட் முன்னாடி இருக்கு சார்" என்றார். மாவு சல்லடைக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தைத் திருப்பினேன், அதில் மாவு இருந்தது. துக்கவீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்த கார்டையும் திருப்பினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கார்டு நல்ல கனம், பின்பக்கம் சுத்த வெள்ளை. வரைவதற்கு என்றே செய்ததுபோல் இருந்தது.

கடிதத்துக்கு வருகிறேன். என்னுடைய முதல் 'கடிதம்' 3,000 ரூபாய். கைமாறியது திருவனந்தபுரம் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில். பஸ் ஸ்டாண்டை ஒட்டி, சிவப்புச் செங்கல்லில் சுருண்டு சுருண்டு ஏறுமே, பேக்கரே கட்டியது. அந்தக் கட்டடத்துக்குள், அந்தச் சரிவில், கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய மேஜையில் உட்கார்ந்து ஒருவன் பொய் சொல்லுவான் என்று எனக்குத் தோன்றவில்லை. வளைவான எழுத்து, நடுவில் கேலிச்சித்திரம், எல்லாம் அவர் கைதான். சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கீழ் மூலையில் பக்க எண். பேக்கர் தம் கையேடுகளை அச்சுக்கோக்க விடாமல், தம் கையெழுத்திலேயே படங்களோடு அப்படியே அச்சிட்டவர். அதிலிருந்து ஒரு தாளை எவனோ கிழித்து விற்றிருக்கிறான். அந்தக் கையேடு எதைப் பற்றியது தெரியுமா? வீடு கட்டும் செலவைக் குறைப்பது எப்படி.

இரண்டாவது கடிதத்தில் தேதி தெளிவாக இருந்தது: 2007 மே 14. மனிதர் அந்த வருடம் ஏப்ரல் 1-ஆம் தேதியே காலமாகிவிட்டார்.

மூன்றாவதுதான் இந்த நோட்டீஸ். அதில் ஒரு படிக்கட்டு, நாலு அளவுகள், கீழே ஒரு சுழி. அந்தச் சுழிதான் கையெழுத்து.

அதை வைத்துப் போட்ட பிரேமைப் பற்றித்தான் மனசு ஆறவில்லை. ஜன்னலுக்குச் சட்டம் எதற்கு, ஒற்றைப் பலகையை மேலே ஒரு குழி கீழே ஒரு குழியில் நிறுத்தினால் திறக்கும் மூடும் என்று சொன்னவர் பேக்கர். அதுவும் வேண்டாம், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினால் காற்றும் வெளிச்சமும் தானே வரும் என்று சுவரையே ஜாலியாக்கியவர். அவருக்குத் தேக்கில் சட்டம் போட்டேன். என்ன மரம் வேண்டும் என்று கேட்டபோது வேங்கை சுமாராக இருக்குமா என்று வேறு யோசித்தேன்.

என் வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி உள்ளே பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் கால்வாசிச் செங்கல் மிச்சம், வீடும் குளிர்ச்சி என்று நாகர்கோவிலில் மனை வாங்கிய நாளிலேயே எனக்குத் தெரியும். வரைபடத்தோடு வீட்டில் பேசினேன். "பூசாத சுவரா? பாதியில கையில காசு தீந்துபோச்சுன்னு ஊரு பேசாதா?" என்றாள் மனைவி. நான் பதில் பேசவில்லை, ஏனென்றால் அதையேதான் நானும் நினைத்திருந்தேன். ஆக, பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த கான்கிரீட் பெட்டி. சித்திரையில் அடுப்பு, ஐப்பசியில் சுவரெல்லாம் வியர்வை. அந்த வியர்வைச் சுவரில்தான் பேக்கர் தொங்குகிறார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கழற்றி மாட்டலாம் என்றால், ஆணியைப் பிடுங்கினால் பட்டி உதிரும் என்று வீட்டில் உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் பெரியப்பா வந்திருந்தார். பின்னால் கைகட்டி அந்தப் பிரேம் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, இரண்டுமுறை படித்தார். பிறகு என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய், தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மாப்பிள, இதெல்லாம் இப்படிச் சுவர்ல மாட்டி வச்சு மனசு உடையக் கூடாது. அபராதத்தோட கட்டினா எடுத்துக்கிடுவாம்லா?"