ஆடு தொடாத இலை

ஏலே பேராண்டி, முள்ளுவேலியவே மேயுற வெள்ளாடு நித்தியகல்யாணியக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுதே, பாத்திருக்கியா? அந்தத் தைரியத்துலதான் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரிக் காட்டுல அதை வெதைக்காக. ஆட்டுக்குத் தெரிஞ்ச சங்கதி, படிச்ச ஒனக்குத் தெரியலையேடே!

செல்போன்ல எவனோ அனுப்புனானாம். புத்துநோயை வேரோட அறுக்குமாம். சித்தர் மறைச்சு வச்ச ரகசியமாம். கம்பெனிக்காரன் வெளிய விடமாட்டேங்கானாம். ஒங்க மாமாவுக்கு அதை மிக்ஸியில அடிச்சு, மேல தேன் வேற ஊத்திக் குடுக்கப் போறியாக்கும். எந்தச் சித்தர்ல? அது மடகாஸ்கர் செடி. கப்பலேறி வந்து நம்ம சுடுகாட்டோரம் குடியிருக்கு.

கேளு. ஜமைக்காவுல அந்த இலையைச் சக்கரை வியாதிக்குக் குடிச்சாக. கனடாவுல ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர்னு ரெண்டு பேரு அதை எலிக்குக் குடுத்துப் பாத்தாக. சக்கரை எறங்கல. சாறை ஊசியில ஏத்துனா, ரத்தத்துல வெள்ளையணு மளமளன்னு கொறஞ்சு, நோய் தொத்தி எலி செத்துப்போச்சு. வேற ஆளா இருந்தா இலையைக் குப்பையில கொட்டிட்டு அடுத்த சோலிக்குப் போயிருப்பான். இவுக யோசிச்சாக. நல்ல வெள்ளையணுவையே கொறைக்குதுன்னா, கெட்டுப்போயிப் பெருகுறதை என்ன செய்யும்? 1958ல அந்த இலையிலருந்தே வின்பிளாஸ்டின்ங்கிற மருந்து வெளிய வந்துச்சு. பொறவு வின்கிரிஸ்டின், 1963ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாக. ரத்தப்புத்து வந்த சின்னப்புள்ளைகளுக்கு இன்னைக்கும் அதை ஏத்துதாக.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காஞ்ச இலை வேணும். வின்கிரிஸ்டின் அதைவிடச் சொற்பமாத்தான் கெடைக்கும். ஏத்துறதோ ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்குள்ள. கூடுனா நரம்பைப் பதம் பாத்துரும். ஒன் டம்ளர்ல எத்தனை மில்லிகிராம் இருக்கு, சொல்லு பாப்போம்? தேன் ஊத்துனா அளவு தெரிஞ்சிருமோ?

இதைவிட வேடிக்கை ஒண்ணு கெடக்கு. இங்கிலீசு மருந்து ஒடம்பைக் கெடுக்கும்னு ஒங்க மாமா ஆசுபத்திரிச் சீட்டை மடிச்சுச் சட்டைப்பையில வச்சிட்டாருல்லா? அதை எடுத்து வாசி. வின்கிரிஸ்டின்னு போட்டிருக்குல! நித்தியகல்யாணி வேண்டாம்னுட்டு நித்தியகல்யாணி குடிக்கப் போறாரு மனுசன்!

நாளைக்குத்தானே ஊசி? காலை பஸ்ஸுக்குக் கெளம்பச் சொல்லு. அந்த மிக்ஸி ஜாரை நல்லாக் கழுவிரு, ஒங்கம்மை அதுலதான் சட்னி அரைக்கா.