புதுசா, பெருசா?

கேள்வி: ஒரே விலைக்குப் புது ஃபைபர் படகும் வருகிறது, பழைய மர விசைப்படகும் வருகிறது. எதை வாங்கலாம்? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: கடலுக்குப் போவது நீங்களும் இன்னொருவரும் மட்டும் என்றால் ஃபைபரே போதும். பெரிசு கௌரவம்தான். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்கு உண்டு. சின்ன ஃபைபருக்கு இல்லை. அந்த நாட்களில்தான் பலகை மாற்றுவது, பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து அடிப்பது, இன்ஜினைப் பிரிப்பது எல்லாம். டீசல் குடிக்காமல் கரையில் நின்றபடியே காசைக் குடிக்கும் வித்தை பழைய படகுக்கு அத்துப்படி!

அப்படியும் ஆசை விடவில்லையா? புதுப் பெயின்ட்டில் மயங்காமல், அடிப்பலகையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால் நீங்கள் வீட்டுக்குக் கிளம்பலாம். ஏன் விற்கிறார் என்று உரிமையாளரிடம் கேட்காதீர்கள். அந்தப் படகில் தொழிலுக்குப் போனவர்களை டீக்கடையில் பிடியுங்கள். டீ, வடை உங்கள் கணக்கு.