நாகம்மாளாக நடித்திருக்க வேண்டியவர்

1992இல் வெளியான 'தேவர் மகன்' பொள்ளாச்சிப் பக்கத்தில் எடுத்த படம். எங்கள் தென்னந்தோப்பும் வரப்பும் திரையில் தெரிந்தன, பேச்சு மட்டும் வேறு சீமைப் பேச்சு. அந்த நாளில் அதுதான் வழக்கம். படப்பிடிப்புக்குப் பொள்ளாச்சி வேண்டும், பொள்ளாச்சிக்காரர் பேச்சு வேண்டாம்.

1995இல் 'சதி லீலாவதி' வந்தது. சந்தேகக்கார மனைவியாக கோவை சரளா கொங்குத் தமிழில் வாயைத் திறந்ததும் கொட்டகையே சிரித்தது. என் அம்மிச்சி சிரிக்கவில்லை. "நம்மூட்டுப் பேச்சுத்தானே கண்ணு, இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று கேட்டார்.

அதே பேச்சு 1942லேயே அச்சேறியிருந்தது. கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. கணவனை இழந்த ஒருத்தி, கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். கெட்டியப்பனோடு அவளுக்குள்ள உறவை ஊர் பேசுகிறது. கடைசியில் கொலை விழுகிறது. அவளை அவர் நல்லவளாகவும் காட்டவில்லை, கெட்டவளாகவும் காட்டவில்லை. அவள் பிடிவாதத்தை அதன் முழு உயரத்தில் நிற்க விட்டார். கு.ப.ரா. முன்னுரை எழுதிய நாவல் அது. தமிழ் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று இன்று சொல்கிறோம்.

சண்முகசுந்தரம் தம் காலத்தில் பலருக்கு மொழிபெயர்ப்பாளர்தான். 'பதேர் பாஞ்சாலி' உட்பட வங்க நாவல்கள் பல அவர் கையால் தமிழுக்கு வந்தன. வங்கத்துக் கிராமத்தை நமக்குக் காட்டியவரின் சொந்தக் கிராமத்தைப் படிக்க ஆள் குறைவு. 1977இல் இறந்துபோனார். பிறகு பெருமாள்முருகன் அவர் படைப்புகளை முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார், பதிப்புகளும் மீண்டும் வந்தன. இன்று பல்கலைக்கழகத்தில் அவர் பெயர் ஒலிக்கிறது. ஒரு வாசகனாக எனக்கு அதில் சந்தோஷம்தான், ஆனால் அந்த மரியாதையை அவர் உயிரோடிருந்தபோதே செய்திருக்க வேண்டும்.

சரளாவின் கதை இதற்கு நேரெதிர். 'முந்தானை முடிச்சு' (1983), 'கரகாட்டக்காரன்' (1989) என்று தமிழ்நாடே அவரை அறியும். கவுண்டமணி, செந்தில், வடிவேலு யாரோடு நின்றாலும் நேரம் தவறாத வாய் அவருக்கு. அந்த வாய்க்குள் இருந்த கோபத்தை மட்டும் யாரும் கேட்டு வாங்கவில்லை. 2022இல் பிரபு சாலமனின் 'செம்பி' வந்தபிறகுதான், பேத்திக்காகப் போராடும் மலைக்கிழவியாக, படம் முழுவதையும் அவர் தாங்கினார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்தத் திறமை 1990களில் தெரியாமலா இருந்தது?

நாகம்மாளாகக் கொழுந்தன் வீட்டு வாசலில் நின்று "என்ற பங்கக் குடு" என்று கேட்க சரளாவுக்குப் பயிற்சி எதுவும் தேவைப்பட்டிருக்காது. எழுத்தாளர் கொங்கு, நடிகை கொங்கு, படமெடுக்கும் மண்ணும் கொங்கு. கோயம்புத்தூரில் புத்தகம் கிடைத்தது, பொள்ளாச்சியில் கேமரா வருஷம் முழுக்க ஓடியது. அவருக்கு அந்த வயது இருந்தபோது நாகம்மாள் வேடம் அவரைத் தேடி வரவில்லை.