அட்மினிஸ்ட்ரேட்டருக்கு அனுமதி இல்லை

அஞ்சுகிராமத்தில் பட்டா நகலும் வருமானச் சான்றிதழும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் கடையானாலும் சரி, சென்னை ஐடி ஆபீஸானாலும் சரி, விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் ஒருநாள் இடம் நிறைந்து சிவப்புக் கோடு காட்டத்தான் செய்யும். உள்ளே புகுந்து பார்த்தால், ஒரே டிஎல்எல் ஃபைல் சிஸ்டம்32-இலும் கிடக்கும், வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரிலும் கிடக்கும். ஒன்றை அழிக்கப் போனால், டிரஸ்டட் இன்ஸ்டாலரிடம் அனுமதி வாங்கி வரச் சொல்கிறது பெட்டி. அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பட்டம் கொடுத்துவிட்டு, விஸ்டா காலத்தில் வந்து சேர்ந்த ஒரு சர்வீஸிடம் கைகட்டி நிற்க வைக்கிறது. சில வேளை உங்கள் பெயரையே போட்டு, உங்களிடமே அனுமதி கேட்கச் சொல்வதும் உண்டு!

காசு கொடுத்து வாங்கியவனைத் தடுக்க இது யார் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பென் டிரைவில் வரும் வைரஸும் உங்கள் பெயரில், உங்கள் அதிகாரத்தில்தான் ஓடும். உங்களை மறித்தால்தான் அதையும் மறிக்க முடியும். தவிர, இரண்டாகத் தெரிவது பெரும்பாலும் இரண்டே அல்ல. கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி இருவர் பெயர் இருப்பதால் பத்து சென்ட் இருபதாகிவிடுமா? அந்த டிஎல்எல்லை இரண்டு இடத்தில் காட்டும் ஹார்ட் லிங்க்கும் அந்தக் கணக்குதான்: பெயர் இரண்டு, டிஸ்க்கில் இடம் ஒன்று. எக்ஸ்ப்ளோரர்தான் இரண்டு முறை கூட்டிப் பயமுறுத்துகிறது. ஒரு பெயரை அடித்தால் ஒரு கேபி கூட மிஞ்சாது. நிஜமாகவே இடம் வேண்டுமென்றால், பழைய அப்டேட் மிச்சங்களை டிஸ்க் கிளீனப்போ டிஐஎஸ்எம் கட்டளையோ ஒழுங்காகக் கழித்துத் தரும். அதெல்லாம் பொறுமை உள்ளவர்களுக்கு. ஓனர்ஷிப்பைப் பிடுங்கி, ‘எவ்ரிஒன்’ பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல் எழுதிக் கொடுத்து, ஃபோல்டரையே வழித்து எறிகிற வீரர்கள் கடைசியில் விண்டோஸையே மறுபடி போட வேண்டியிருக்கும். போட்டதும் வின்எஸ்எக்ஸ்எஸ் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.