கரடி வளர்த்த இராசகுமாரன்

நாங்கள் பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடி இராசகுமாரன் கதை வாசித்துச் சிரிக்கிறோம். "சின்னப்பிள்ளை வேலை" என்கிறார்கள் வீட்டில். என்ன சொல்ல?
(வாசகி, உட்துறைமுக வீதி, திருகோணமலை)

"1891இல் நம் ஊர் செய்த வேலை" என்று சொல்லுங்கள்! திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை' அந்த ஆண்டுதான் வெளிவந்தது. இரட்டைப் பிள்ளைகள், ஒருவனை அரண்மனை வளர்க்கிறது, மற்றவனைக் கரடி வளர்க்கிறது. ஐரோப்பியப் பழங்கதையின் தழுவல். இலங்கைத் தமிழில் அதற்கு முந்திய நாவல் என்றால் சித்திலெப்பையின் 'அசன்பே' கதை, 1885. நம் நாவல் நடை பழகியதே இப்படியான அதிசயக் கதைகளைப் பிடித்துக்கொண்டுதான். சிரித்து வாசிப்பதும் வாசிப்புத்தான். கூடிச் சிரித்தால் இன்னும் நல்லது.

கரடி பிள்ளை வளர்க்குமா, ஐயா?

அரண்மனையை விட நன்றாக வளர்க்கும்! இலங்கைக் காட்டுக் கரடி தன் குட்டிகளை மாதக்கணக்கில் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். எந்த ராணி அப்படிச் சுமந்தாள்?

அடுத்து என்ன வாசிக்கலாம்?

வீட்டுக்காரர் வாய் அடைக்க வேண்டுமா? 'மோகனாங்கி', 1895. நாயக்கர் காலக் கதை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் மதிப்பது. எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலைக்காரரே. நான்கே ஆண்டுகளில் ஒரு துறைமுக ஊர் இரண்டு நாவல்காரர்களைத் தந்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். முதல் அத்தியாயத்தை அவரே உரக்க வாசிக்கட்டும்.